காலியான வண்டிதான் சாய்ந்தது: ஒரு சாலையோரச் சமையல் வண்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

இதை எழுதுகிற நான் ஒரு வெல்டிங் பட்டறைக்காரன். சாய்ந்த வண்டியைச் செய்தவனும் நான்தான். வண்டிக்காரக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் காற்றாலைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு சிற்றூர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றாலைகளைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பின்னணி

கணவன், மனைவி, மனைவியின் தம்பி என மூன்று பேர் நடத்துகிற வண்டி. மாலை ஐந்து மணிக்கு ஏத்தன்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜியும் உளுந்தவடையும் தொடங்கும். ஏழு மணிக்குமேல் தோசை. இரவு பத்துக்குள் முடித்துவிட்டு, முக்கால் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

2021-இல் என்னிடம் வண்டி சொன்னார்கள். நீளம் ஐந்தரை அடி, அகலம் இரண்டரை அடி. ஆங்கிள் கூடு, மேலே எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஷீட், நாலு மூலையிலும் பைப் தூண், அதன்மேல் கூரைத் தகடு. பின்னால் மொபெட் சக்கரம் இரண்டு, முன்னால் திரும்புகிற காஸ்டர் சக்கரம் இரண்டு, காஸ்டரில் மிதி பிரேக். அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை, வீட்டுச் சந்துக்குள் வண்டி நுழைய வேண்டும் என்பது. சந்து மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் சக்கரம் உடம்புக்கு வெளியே நீட்டாமல் உள்ளே தள்ளி வைத்தேன். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி இரண்டு அடி, அதாவது சுமார் 60 செ.மீ. அப்போது இது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. பார்க்கிற வண்டியெல்லாம் அப்படித்தான் இருந்தது.

வண்டியில் என்னென்ன எங்கே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேல்தட்டின் முன்முனையில் 10 மி.மீ. கனத் தோசைக்கல். நடுவில் பெரிய பர்னர், அதன்மேல் எண்ணெய்ச் சட்டி. கீழ்த்தட்டில் 19 கிலோ கேஸ் பிடிக்கிற வணிக சிலிண்டர், 50 லிட்டர் தண்ணீர் டிரம், இரண்டு மாவு வாளி.

நிற்கிற இடம் தார்ச்சாலைக்குக் கிழக்கே உள்ள மண் ஓரம். மண் ஓரத்துக்கு அடுத்து சாக்கடை. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று சாலையே ஓரத்தைப் பார்த்துச் சரிந்துதான் இருக்கும், மண் ஓரம் அதைவிட அதிகமாகச் சரியும். அந்தப் பெண் சாக்கடைப் பக்கம் நின்று, சாலையைப் பார்த்துச் சமைப்பார். வாங்க வருகிறவர்கள் சாலைப் பக்கம் நிற்பார்கள்.

வண்டி என் கையை விட்டுப் போன பிறகு இரண்டு சேர்ந்தன. கூரையின் சாலைப் பக்க விளிம்பில் ஒரு ஃப்ளெக்ஸ் பலகை, ஐந்தரை அடிக்கு ஒன்றரை அடி. அப்புறம் ஆனி, ஆடி மாதங்களில் அடுப்பு அணையாமல் இருக்கச் சாலைப் பக்கம் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டுகிற படுதா, மூன்றடி உயரம். படுதா கட்டிய நாளில் வாடிக்கையாளர்கள் தோசைக்கல் இருக்கிற முனைக்கு வந்து வாங்கிக்கொள்வார்கள். இந்த இரண்டும் எனக்குத் தெரியாது. நானும் போய்ப் பார்க்கவில்லை.

அன்று இரவு

2023, ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வருகிற காற்று, வெறி பிடித்தது மாதிரி வீசுகிற நாட்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி இல்லை, தகரக் கூரை போட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

மணி ஒன்பதேகால் இருக்கும். வியாபாரம் முடிகிற நேரம். படுதா கட்டியிருந்தது. கடைசியாக ஒரு ஈடு வடை சட்டியில் கிடந்தது. கணவர் எச்சில் தட்டுகளைக் கழுவி, அழுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு நிமிர்ந்திருக்கிறார். ஒரு லாரி கடந்து போனது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஓங்கி ஒரு அடி அடித்தது.

சாலைப் பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. வண்டி சாக்கடைப் பக்கம், அதாவது அந்தப் பெண்ணின் மேல், சாய்ந்தது. தம்பி தூணைப் பிடித்துத் தொங்கினார். கணவர் ஓடிவந்து தோள் கொடுத்தார். காற்று ஒரு மூச்சு விட்டதும் வண்டி தொப்பென்று திரும்ப உட்கார்ந்தது. மொத்தம் மூன்று, நான்கு நொடிதான்.

ஆனால் சட்டி அதற்குள் வழுக்கி விழுந்திருந்தது. அடி உருண்ட சட்டி. பர்னர் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. எண்ணெயில் பாதி பர்னரிலும் ஷீட்டிலும், மீதி தரையிலும் அந்தப் பெண்ணின் இடது பாதத்திலும். பர்னரில் விழுந்த எண்ணெய் குப்பென்று பற்றியது.

அடுத்து நடந்தவற்றில் மூன்று நல்ல காரியங்கள். கணவர் முதலில் சிலிண்டர் வால்வை மூடினார். தோசை வாங்க வந்த ஒருவர் தண்ணீர் ஜக்கை ஓங்கியபோது, தம்பி "தண்ணி ஊத்தாதீங்க" என்று கத்தித் தடுத்துவிட்டார். எரிகிற எண்ணெயில் விழுகிற தண்ணீர் அடியில் போய், நொடியில் ஆவியாகி, ஏறக்குறைய 1,700 மடங்கு விரிந்து, எண்ணெயை நெருப்போடு தூக்கி எறியும். அவர் இதை எங்கேயும் படிக்கவில்லை, முன்பு வேலை பார்த்த ஓட்டலில் ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறார். மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். மூன்றாவது, பக்கத்து மருந்துக் கடையில் நின்ற ஒரு நர்ஸ். யாரோ பற்பசையோடு ஓடிவந்ததைத் தடுத்து, குடிதண்ணீர் கேனைச் சாய்த்து, இருபது நிமிடம் பாதத்தில் தண்ணீர் விட வைத்தார். அதற்கு அப்புறம்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொப்புளம் ஆற மூன்று வாரம் ஆனது.

மறுநாள் பார்த்தவை

காலையில் போன் வந்தது. போனேன். வண்டியை நகர்த்தாமல் வைத்திருந்தார்கள்.

சாக்கடைப் பக்கத்துக் காஸ்டர் உள்பக்கம் திரும்பி நின்றது. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காஸ்டர் சக்கரம் அதன் சுழல் ஆணிக்கு நேர் கீழே தரையைத் தொடாது, மூன்று நான்கு செ.மீ. தள்ளித்தான் தொடும். வண்டியைக் கடைசியாக எந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினோமோ அதைப் பொறுத்து அது வெளியே போகலாம், உள்ளேயும் போகலாம். உள்ளே திரும்பினால் வண்டியின் கால் அந்த அளவுக்குக் குறுகிவிடும். மிதி பிரேக் போட்டால் சக்கரம் உருளாது, ஆனால் இந்த மாதிரி காஸ்டரில் சுழல் திரும்புவது நிற்காது.

ஒரு பிரேக்கின் பல் தேய்ந்திருந்தது. அந்தச் சக்கரத்துக்கு அரைச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். செங்கல் இரண்டாக உடைந்து கிடந்தது.

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். இரண்டு அடி அகலத்துக்குள் தரை சாக்கடையைப் பார்த்து 3 செ.மீ. இறங்கியது. இருபதுக்கு ஒன்று. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் வண்டி இதைத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னார்: "தோசை எப்பவுமே என் பக்கம் தடிச்சுதான் வரும் அண்ணாச்சி. கல்லு கோணல்னு நெனச்சுகிட்டு இருந்தேன்." சட்டியில் எண்ணெய் வட்டம் நடுவில் நிற்காமல் அவர் பக்கம் ஒதுங்கி நிற்பதையும் இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறார்.

சிலிண்டருக்குச் சங்கிலி இல்லை. சாய்ந்தபோது கூட்டில் இடித்து நின்றிருக்கிறது. கேஸ் டியூப், ஷீட்டில் போட்டிருந்த ஓட்டை வழியாகப் போகிறது. ஓட்டையின் விளிம்பு ரப்பரில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு போட்டிருந்தது. கீழ்த்தட்டு முழுக்க மூடிய ஷீட். கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனம், அந்தப் பெட்டிக்குள்ளேயே தங்கும், இல்லாவிட்டால் வழிந்து பக்கத்துச் சாக்கடைக்குள் போய்த் தேங்கும். அழகாக இருக்கிறது என்று மூடியது நான்.

எல்லோரும் சொன்ன காரணமும் என் முதல் முடிவும்

கூடி நின்றவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்: பிரேக் சரியில்லை, செங்கல் உடைந்தது, அதனால் சாய்ந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டியைப் பட்டறைக்கு ஏற்றிவந்து, நாகர்கோவிலில் இருந்து கனமான பிரேக் காஸ்டர் இரண்டு வாங்கி, அன்று சாயங்காலமே மாட்டிவிட்டேன். மறுநாள் கொடுத்து அனுப்புவதாகத் திட்டம்.

பட்டறையில் வேலை பார்க்கிற பையன், ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, டீ குடித்துக்கொண்டே கேட்டான்: "பிரேக்கு புடிச்சா உருளாது, சரி. சாயாதுன்னு யாரு அண்ணாச்சி சொன்னா?"

எனக்குப் பதில் வரவில்லை. சாலைப் பக்கச் சக்கரம் இரண்டும் எழும்பியது என்று மூன்று பேரும் சொல்லியிருந்தார்கள். பிரேக் விட்டிருந்தால் வண்டி ஓடியிருக்கும், எழும்பியிருக்காது. அடுத்த கேள்வி இன்னும் உதைத்தது. அன்று மாலை ஆறு மணிக்கும் அதே காற்று அடித்தது, படுதாவும் கட்டியிருந்தது. ஏன் அப்போது சாயவில்லை? ஒன்பதேகாலுக்கு ஏன்?

எடை போட்டபோது தெரிந்தது

பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசைக் கடன் வாங்கி, ஒவ்வொன்றாக எடை போட்டோம். கூரையும் தூணும் சேர்ந்த வெறும் வண்டி 130 கிலோ. தோசைக்கல் 36. அடுப்பு, சட்டி, எண்ணெய் 25. இதில் பெரும்பகுதி இடுப்புக்கு மேலே இருக்கிற பாரம், மாலையிலும் இரவிலும் மாறாது. கீழே, சிலிண்டர் நிறைந்திருந்தால் 37, தண்ணீர் 50, மாவு 30. மொத்தம் 308 கிலோ.

ஒன்பதேகாலுக்கு என்ன இருந்தது? சிலிண்டர் மூன்று நாள் ஓடிவிட்டது, மறுநாள் தராசில் 25. தண்ணீர் ஐந்து லிட்டர். மாவு மூன்று கிலோ. மொத்தம் 224.

84 கிலோ போயிருக்கிறது. போனது பூராவும் அடியில் இருந்த பாரம். தலைப்பாரத்தில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஒவ்வொன்றின் எடையையும் அது இருக்கிற உயரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டதில், நிறைந்த வண்டியின் எடை மையம் தரையிலிருந்து சுமார் 82 செ.மீ. உயரத்தில் இருந்தது. காலியான வண்டியில் 94 செ.மீ. வண்டி லேசாகிவிட்டது, மையமும் மேலே ஏறிவிட்டது. அடியில் இருப்பதோ அதே இரண்டு அடிக் கால், அதுவும் சரிவில், காஸ்டர் உள்ளே திரும்பிய நிலையில்.

கணக்கை நம்பாமல் இழுத்தும் பார்த்தோம். பட்டறை முற்றத்தில், ஒரு பக்கச் சக்கரங்களுக்கு அடியில் 3 செ.மீ. பலகை வைத்து அதே சரிவை உண்டாக்கினோம். தூணில் ஆறடி உயரத்தில் கயிறு கட்டி, 50 கிலோ ஸ்பிரிங் தராசை நடுவில் மாட்டி இழுத்தோம். எழும்ப வேண்டிய சக்கரங்களுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டு. பையன் அதைச் சுண்டு விரலால் இழுத்துக்கொண்டே இருப்பான். காகிதம் உருவி வந்துவிட்டால் சக்கரத்தில் பாரம் இல்லை என்று அர்த்தம். வண்டியை முழுக்கச் சாய்க்கத் தேவையில்லை, பயமும் இல்லை.

நிறைந்த வண்டியில் 41 கிலோ இழுப்பில்தான் காகிதம் வந்தது. காலி வண்டியில் 28-லேயே வந்துவிட்டது.

இனி காற்று. மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் தட்டைப் பரப்பைக் கிட்டத்தட்ட 14 கிலோ பாரத்தோடு தள்ளும். படுதாவும் ஃப்ளெக்ஸும் சேர்ந்தால் 2.3 சதுர மீட்டர். 32 கிலோ. படுதா கயிறு கட்டிய உயரத்துக்குக் கீழே, ஃப்ளெக்ஸ் அதற்கு மேலே. இரண்டையும் ஆறடி உயரக் கயிறு இழுப்பாக மாற்றிப் பார்த்தால் 30-ஐ ஒட்டி வருகிறது. ஆக ஆறு மணிக்கு அடித்த அதே காற்றுக்கு வண்டி நின்றது, ஒன்பதேகாலுக்கு நிற்கவில்லை. லாரி ஒரு சாக்கு.

தேய்ந்த பிரேக்கும் உடைந்த செங்கலும் பொய் இல்லை. ஆனால் அவற்றைச் சரிசெய்து அனுப்பியிருந்தால் அடுத்த ஆடியில் இதே கட்டுரையை இன்னும் மோசமான முடிவோடு எழுதியிருப்பேன்.

எடுத்த முடிவுகள், ஒரு சறுக்கலும் சேர்த்து

முதலில் எனக்குத் தோன்றியது அடிபாரம். கீழ்த்தட்டில் 40 கிலோ கான்கிரீட் கட்டையை நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. அந்தப் பெண் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்: "தள்ளுதது நாங்கல்லா அண்ணாச்சி." நியாயம்தான். முக்கால் கிலோமீட்டர், தினமும் இரண்டு தடவை. நிறுத்தி வைக்கிற நேரத்தில் பாதுகாப்பு, தள்ளுகிற நேரத்தில் ஆபத்து என்றால் அது தீர்வு ஆகாது. இறக்கத்தில் 40 கிலோ கூடுதல் பாரத்தை யார் பிடித்து நிறுத்துவது?

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். கழுவுகிற தண்ணீரை ஏன் சாக்கடையில் ஊற்ற வேண்டும்? நல்ல தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் மூடி போட்ட இன்னொரு டிரம் வைத்து, கழுவிய தண்ணீரை அதிலேயே ஊற்றிக்கொண்டு வந்தால், நல்ல தண்ணீர் டிரம் காலியாகக் காலியாக இந்த டிரம் நிறையும். கிளம்பும்போது மொத்தமாகக் கொட்டிவிடலாம். குடித்ததும் சமையலுக்குப் போனதும் போக 25 லிட்டராவது மிஞ்சும். சாக்கடை ஓரத்து நாற்றமும் குறையும். இருபது வருடம் இரும்பு அடித்த எனக்கு இது தோன்றவில்லை.

முக்கியமான மாற்றம் முட்டுக்கால். சந்துக்காகச் சக்கரத்தை அகற்ற முடியாது. சரி, நிற்கும்போது மட்டும் கால் அகலட்டும். நாலு மூலையிலும் சதுரப் பைப்புக்குள் சதுரப் பைப், வெளியே இழுத்து, நகராமல் இருக்க ஒரு பின் (இரும்பு ஆணி) போட்டுக்கொள்ளலாம். முனையில் கையால் திருகுகிற ஸ்க்ரூ கால். இழுத்துவிட்டால் பாதத்துக்குப் பாதம் 110 செ.மீ. தள்ளிவிட்டால் வண்டி பழைய அகலம்.

இதில்தான் சறுக்கினேன். முதலில் செய்த காலின் அடியில் வெறும் பைப் முனை. சிமெண்ட் முற்றத்தில் பிரமாதமாக நின்றது. பையன் மண்ணில் தண்ணீர் தெளித்து வைத்துப் பார்க்கச் சொன்னான். இரண்டு பேர் அந்தப் பக்கம் சாய்ந்து அழுத்தியதும் கால் புதைந்து வண்டி அந்தப் பக்கமே இறங்கியது. ஒன்றேகால் அங்குலப் பைப்பின் முனை எட்டு சதுர செ.மீ.கூட இல்லை, 60 கிலோ இறங்கினால் அது கடப்பாரைதான். 15-க்கு 15 செ.மீ. தகடு வெட்டி அடியில் வைத்ததும் அதே பாரம் 225 சதுர செ.மீ.யில் பரவியது. புதையவில்லை. முட்டுக்கால் இருந்தும் சாய்கிற வண்டிகளை அதற்குப் பிறகு நிறையக் கவனித்தேன். பெரும்பாலும் காலடியில் தகடு இருக்காது.

கால் போட்ட பிறகு, காலி வண்டியை அதே சரிவில் வைத்து இழுத்தோம். தராசின் எல்லையான 50 கிலோ வரை போயும் காகிதம் அசையவில்லை.

ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டுக் கடைப் பெயரை உடம்பு ஷீட்டிலேயே பெயிண்டில் எழுதச் சொன்னேன். படுதா விஷயத்தில் கொஞ்சம் வாக்குவாதம். அடுப்பு அணைந்தால் வியாபாரம் இல்லை என்றார் கணவர். கடைசியில், காற்றை மறைக்க வேண்டியது வண்டியை இல்லை, நெருப்பை மட்டும்தான் என்ற இடத்துக்கு வந்தோம். பர்னரைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு எஸ்.எஸ். தகட்டில் காப்பு வளையம். அடியில் காற்று போக இடைவெளி, கேஸ் டியூபுக்குச் சூடு படாமல் தள்ளி. அந்த வளையத்துக்குள்ளேயே சட்டி உட்காருகிற மாதிரி மூன்று கொக்கி வைத்தேன். இனி வண்டி சாய்ந்தாலும் சட்டி தனியாக வழுக்காது. பர்னரை போல்ட் போட்டுத் தட்டோடு பிணைத்தேன்.

மற்றவை சின்ன வேலைகள்: சிலிண்டர் நிமிர்ந்து நிற்கச் சங்கிலி, டியூப் போகிற ஓட்டைக்கு ரப்பர் வளையம், புது டியூப், கீழ்த்தட்டு ஷீட்டை வெட்டிக் கம்பி வலை. சட்டிக்கு அளவான இரும்பு மூடி ஒன்று, கை எட்டுகிற தூரத்தில் ஆணியில் தொங்கும்; எண்ணெய் பற்றினால் அதைத்தான் போட வேண்டும். மொத்தம் 4,200 ரூபாய்க்கு வேலை. இரும்புக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன். கூலி கேட்க வாய் வரவில்லை.

இரும்பு வேலை இல்லாத முடிவு ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் சூடான எண்ணெயோடுதான் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். இப்போது கடைசி ஈடு எடுத்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, மற்ற சாமான்களை ஒதுக்கி, எண்ணெய் ஆறிய பிறகு மூடி போட்ட தூக்கில் ஊற்றிக் கீழ்த்தட்டில் வைக்கிறார்கள். அரைமணி நேரம் கூடுதலாகிறது. தம்பிக்கு இதில் இன்னும் சலிப்புதான்.

அதற்குப் பிறகு

நான்காவது வாரம் வண்டி திரும்பத் தன் இடத்தில் வந்து நின்றது. அந்த ஆடியின் மிச்சத்தையும் 2024-இன் ஆடியையும் தாண்டிவிட்டது. ஆட்டம் இல்லை என்கிறார்கள். நானும் ஒரு காற்று நாளில் இரவு ஒன்பதுக்குமேல் போய் நின்று பார்த்தேன். கூரைத் தகடு படபடத்தது, சட்டியில் எண்ணெய் அசையவில்லை.

ஆனால் எல்லாம் சுமுகம் என்று சொன்னால் பொய். மூன்றாவது மாதம், மழை வருகிற அவசரத்தில் ஒரு முட்டுக்காலை உள்ளே தள்ள மறந்து வண்டியைத் தள்ளிவிட்டார்கள். வேகத்தடையில் கால் இடித்து வளைந்தது. வண்டி சட்டென்று நின்றதில் கணவருக்குத் தோளில் சுளுக்கு. புதிதாக ஒரு பாதுகாப்பைச் சேர்த்தால் மறப்பதற்கும் ஒன்று சேர்கிறது. அதனால் கால்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, நாலு பின்னையும் தள்ளுகிற கைப்பிடியோடு சங்கிலியில் கோத்தேன். காலை உள்ளே தள்ளி அந்தப் பின்னைத் திரும்பப் போட்டால்தான் மடக்கி வைத்த கைப்பிடி விரியும். அதற்குப் பிறகு மறக்க வழியில்லை.

கழிவுத் தண்ணீர் டிரம் கோடையில் கைவிடப்பட்டது. எங்கள் பக்கம் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு, தட்டில் பிளாஸ்டிக் தாள் போட்டுக் கொடுத்தார்கள், கழுவ ஒன்றும் இல்லை. ஆடி வந்ததும் டிரம் திரும்ப வந்தது. காற்று இல்லாத மாதத்தில் அது இல்லாவிட்டாலும் முட்டுக்கால் தாங்கும் என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் மாற்றிக்கொண்டவை

அதற்கு முன் நான் செய்து கொடுத்த வண்டிகளில் நினைவில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தேன். ஒன்பது பேர் கொண்டுவந்தார்கள். ஒருவர், "நாலு வருசமா நிக்குது, இப்ப என்ன" என்று வைத்துவிட்டார். அவருடைய வண்டி அடிக்கிற காற்றுக்கு மறைவாக ஒரு சுவரை ஒட்டி நிற்கிறது, அதனால் நிற்கிறது. அந்தச் சுவர் இடிந்தால் என்ன ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன்.

புது வண்டி கேட்டு வருகிறவர்களிடம் இப்போது அளவு கேட்பதற்கு முன் எங்கே நிற்கும் என்று கேட்கிறேன். முடிந்தால் போய் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறேன். கடை மூடுகிற நேரத்தில் வண்டியில் என்ன மிஞ்சியிருக்கும் என்று சொல்லச் சொல்கிறேன். பலருக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இருக்கிறது, மாலையில் ஏற்றுவதைச் சொல்வார்கள், இரவில் மிஞ்சுவதைச் சொல்லத் தெரியாது. பட்டறையை விட்டு அனுப்புவதற்கு முன் காலி வண்டியில்தான் கயிறு கட்டி இழுத்துப் பார்க்கிறோம். காகிதம் பிடிக்கிற வேலை இன்னும் அந்தப் பையனுக்குத்தான்.

கூரைத் தூணில் ஃப்ளெக்ஸ் கட்டாதீர்கள் என்றால் கேட்க மாட்டார்கள். அதனால் தூணில் அதற்கு ஓட்டையே போடுவதில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது வண்டிக்குப் போனேன். பாதத்தில் தழும்பு இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. தோசை ஊற்றிக் கொடுத்தார். ஓரத்துக்கு ஓரம் ஒரே கனம். கடை போட்டதும் முதல் வேலை, சட்டியில் எண்ணெய் ஊற்றி, வட்டம் நடுவில் நிற்கிற வரை சாக்கடைப் பக்கத்து இரண்டு கால்களையும் திருகுவதுதான் என்றார். நடுவில் ஒருநாள் தோசை ஒரு பக்கம் தடித்து வந்ததாம். அடுப்பைக் குறைத்துவிட்டுக் குனிந்து பார்த்திருக்கிறார். எலி தோண்டிய வளையில் ஒரு தகடு இரண்டு விரல் இறங்கியிருந்தது.